குருவிமுட்டி செய்கிற பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

உயர்தரம் எழுதப்போகிற மகள், குருவி கூடு கட்டத் தொங்கவிடும் மண்முட்டி (குருவிமுட்டி) போல, பறவைகளும் தேனீக்களும் ஊர்மனைக்குத் திரும்பி வருவதற்கான வீட்டுச் சாமான்களை வடிவமைக்கப்போவதாகச் சொல்கிறாள். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. இப்படி ஒரு வேலை வன்னியில் விளம்பரத்தில் வராது. ஆனாலும் அவளை மறிக்காதீர்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், 5 மீற்றருக்கு மேல் உயரமான புதுக் கட்டடங்களில் தேனீ கூடு வைக்கத் துளையிட்ட செங்கல் பதிக்க வேண்டும் என்று நகரசபை நிபந்தனை விதிக்கிறது. அந்தக் கல்லையும் யாரோ வடிவமைத்துத்தானே விற்கிறார்கள்.

மகளிடம் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சிக்கல் வந்தால் அதோடு மல்லுக்கட்டுகிறாளா? பறவைக்கு முற்றத்தில் தண்ணீர்ச் சட்டி வைப்பதையே எடுங்கள். ஒரு வாரம் தண்ணீரை மாற்றாமல் விட்டால் டெங்கு நுளம்பு பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். பழைய தண்ணீரை வெளியே ஊற்றினால் மட்டும் போதாது. நுளம்பு முட்டை சட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும். அப்போ, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு கையால் கவிழ்த்துத் தேய்க்கக்கூடிய, ஆழமில்லாத, மூலையில்லாத சட்டி வேண்டும். குருவிமுட்டியும் அப்படித்தான். வாய் 32 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழையாது. ஆனால் குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். மருந்தடித்த வளவில் முட்டி சும்மா தொங்கும். எனவே எருக்கும் கறிவேப்பிலையும் நிற்கிற ஒரு மூலையையும் சேர்த்துத்தான் அவள் யோசிக்க வேண்டும். இரண்டிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். இதையெல்லாம் கேட்டு அவளுக்கு உற்சாகம் கூடினால், இந்தத் துறை அவளுக்குச் சரி.

படிப்புக்கு வருவோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. வெட்டுப்புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். எந்தெந்தப் பாடம் வேண்டும் என்பதை அந்தந்த வருடப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் நீங்களே பாருங்கள், ரியூசனில் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். அது கிடைக்காவிட்டால், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். கட்டுமானமோ இயந்திரத் தொழில்நுட்பமோ கைவந்தால், நினைத்ததைத் தானே செய்து பார்க்கலாம். என்னைக் கேட்டால் அது தாழ்ந்த வழியே இல்லை.

முதல் சில வருடங்களில் தளபாடம், பொதிசெய்தல் என்று வழக்கமான வடிவமைப்பு வேலையில்தான் சம்பளம் வரும். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில், பக்கத்தில் உள்ள குயவரிடம் ஒரே ஒரு முட்டியை நாலைந்து விதமாகச் செய்விக்கட்டும். அயல் வீடுகளில் தொங்கவிட்டு, எதில் குருவி வந்தது, எதில் வரவில்லை என்று திகதி போட்டு எழுதட்டும். சரிவராத முட்டிகளின் படங்களையும் எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், நேர்முகத்தில் காட்டலாம்.