சாதாரண வெப்கேமராவை வைத்து மலிவாக பார்கோடு ரீடர் செய்ய முடியுமா?

முடியும். எங்கள் கடையில் இரண்டு வருடமாக ஓடுகிறது. நீங்களும் சின்னக் கடை வைத்திருப்பீர்கள், ஸ்கேனர் விலையைக் கேட்டுவிட்டு வந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குக் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பலசரக்குக் கடை. பழைய கம்ப்யூட்டரும் வெப்கேமராவும் வீட்டிலேயே கிடந்தன. லினக்ஸில் ஸீபார் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். கோடுகளைப் படித்து எண்ணாகத் தருவது அதன் வேலை. முதல் நாள் ஒன்றுகூடப் படிக்கவில்லை. மூன்று ராத்திரி மென்பொருளையே நோண்டிக்கொண்டிருந்தேன். கோளாறு இருந்தது லென்ஸில். இந்த மாதிரிக் கேமராக்களில் தள்ளி உட்கார்ந்திருப்பவர் முகம் தெரிகிற மாதிரி ஃபோகஸை நிறுத்தியிருப்பார்கள். சோப்பு உறையைக் கிட்டே காட்டினால் மெல்லிய கோடுகள் கலங்கி ஒரே சாம்பலாகத் தெரியும். மூடியைக் கழற்றி, லென்ஸ் மரையில் இருந்த பசைப் பொட்டை ஊசியால் சுரண்டிவிட்டு, லென்ஸ் வெளியே வரும்படி கொஞ்சம் திருப்பினேன். அரைச் சாண் தூரத்தில் கோடுகள் பளிச்சென்று பிரிந்தன. 890-ல் தொடங்கும் 13 இலக்கமும் திரையில் வந்ததும், அப்பா உறையைத் திருப்பி ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார்.

விளக்கை நேராக அடிக்காதீர்கள், எண்ணெய் பாக்கெட் மினுங்கும். பக்கவாட்டில் வையுங்கள். பிஸ்கட் பாக்கெட்டை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

தப்பாகப் படித்து விலை மாறிவிடாதா என்று கேட்பார்கள். கடைசி இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது. முதல் 12 இலக்கங்களை 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அதோடு 13-வது இலக்கத்தையும் சேர்த்தால் 10-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். இல்லையென்றால் மென்பொருள் அந்த எண்ணை ஏற்காது. போனிலேயே செய்யலாமே என்பவர்களுக்கு: கடையில் இருப்பது ஒரே போன், பணம் வந்ததா என்று பார்ப்பதும் அதில்தான். பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு இது சரிப்படும் என்று நான் சொல்லவே இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பில் மென்பொருள் விற்க வந்தவரிடம் பொருள் பெயர் தமிழில் வருமா என்று கேட்டேன். "மலையாளம், இங்கிலீஷ் போதுமே, இது கேரளம்தானே" என்றார். எங்களிடம் சாமான் வாங்குபவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க்காரர்கள். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. இன்றைக்கும் அந்தப் பேச்சு ஆறவில்லை. எண்ணுக்கு நேராகத் தமிழ்ப் பெயரும் விலையும் போட்டு 412 பொருள்களுக்கு நானே பட்டியல் அடித்தேன். இப்போது சாயங்காலம் கல்லாவில் அம்மாதான் உட்காருகிறார். புளி, வெல்லம் மாதிரி கோடில்லாத சாமானுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்.