மகள் மெல்பர்னில் செய்த திருமணம்: அரசியல் சாசனத் திருத்தத்தால் வீடு போய்விடுமா?

கேள்வி: என் மகளுக்கு 37 வயது. தன் தோழியை மெல்பர்னில் முறைப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். ஒற்றையர்கள் சேர்ந்து வாங்கும் திட்டத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கி ஒன்றாக இருக்கிறார்கள். என் அண்ணன், "அரசியல் சாசனத்தையே மாத்திட்டாங்க, இனிமே இந்த மாதிரிக் கல்யாணம் குற்றம், வீட்டைப் பிடுங்கிருவாங்க" என்கிறார். தெரிந்தவர் அனுப்பிய ஆலோசகர் ஒருவர் 2,800 வெள்ளி கொடுத்தால் "அரசியல் சாசனப் பாதுகாப்புப் பத்திரம்" எடுத்துத் தருவேன் என்று சொல்லி 500 வெள்ளி முன்பணம் வாங்கியிருக்கிறார். மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா? (63 வயது வாசகி, இந்துக் குடும்பம்)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அப்படி ஒரு பத்திரம் கிடையாது. அந்த 500 வெள்ளியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் உங்கள் அண்ணன் சொன்னதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவர் பாதி சரியாகச் சொல்லி மீதிப் பாதியில் எல்லாரையும் பயமுறுத்திவிட்டார்.

அரசியல் சாசனத்தைத் திருத்தியது உண்மைதான். 2022 ஆகஸ்ட் 21 அன்று தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இரண்டு விஷயங்களைச் சேர்த்து அறிவித்தார். ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு, வெள்ளைக்காரன் 1938ல் கொண்டுவந்தது, அது நீக்கப்படும். கூடவே திருமணம் பற்றிய சட்டத்தை நீதிமன்றத்தில் உடைக்க முடியாதபடி அரசியல் சாசனம் திருத்தப்படும். நவம்பர் 28, 29 தேதிகளில் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. 377ஏ நீக்கத்துக்கு ஆதரவு 93, எதிர்ப்பு 3. சாசனத் திருத்தத்துக்கு ஆதரவு 85, எதிர்ப்பு 2, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. ஆக, குற்றம் ஒன்றை நீக்கியபோது வந்த திருத்தம் இது. இதனால் புதிதாக எதுவும் குற்றம் ஆகவில்லை. நீக்கிய அந்தப் பிரிவும் ஆண்களைப் பற்றியதுதான், பெண்கள் அதில் என்றைக்குமே இல்லை. உங்கள் மகளைத் தேடி எந்தப் போலீசும் வராது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி எல்லாம் "திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்று சாசனத்தில் எழுதிவிட்டார்கள்" என்கிறது. எழுதவில்லை. படித்தவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள், என் அலுவலகத்துக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். புதிதாகச் சேர்த்த 156வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: திருமணம் என்றால் என்ன என்பதை நாடாளுமன்றம் சட்டம் போட்டு வரையறுக்கலாம், பாதுகாக்கலாம், ஊக்குவிக்கலாம், அந்தச் சட்டம் ஆண்-பெண் என்று வரையறுத்தால், "இது என் அடிப்படை உரிமைக்கு விரோதம், எல்லாரும் சமம் என்கிற 12வது பிரிவுக்கு விரோதம்" என்று சொல்லி நீதிமன்றத்தில் அதைச் செல்லாது என்று ஆக்க முடியாது. அந்த வரையறையை அடிப்படையாகக் கொண்ட மற்ற சட்டங்களுக்கும் அரசுக் கொள்கைகளுக்கும் இதே கவசம் உண்டு. வீவக விதிகள் பற்றி யாராவது சாசனத்தைக் காட்டி வழக்குப் போடுவோம் என்று உங்களிடம் ஆசை காட்டினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஆண்-பெண் என்கிற வரையறை எங்கே இருக்கிறது? மாதர் சாசனம் (Women's Charter) என்கிற சாதாரணச் சட்டத்தில், அதனுடைய 12வது பிரிவில். 1961ல் வந்த சட்டம், இந்த வாசகத்தை 1996ல் தெளிவாகச் சேர்த்தார்கள். சிங்கப்பூரிலோ வேறு எங்குமோ நடந்த திருமணமாக இருந்தாலும், திருமணத் தேதியன்று இருவரும் ஆணும் பெண்ணுமாக இல்லாவிட்டால் அது செல்லாது. "வேறு எங்குமோ" என்ற சொல்லில்தான் உங்கள் மகளின் மெல்பர்ன் சான்றிதழ் மாட்டிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பரிலிருந்து அது முழுச் செல்லுபடி, அங்கே போனால் அவர்கள் தம்பதி. சாங்கியில் இறங்கினால் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு ஒற்றையர்கள். இது 2022ல் வந்த மாற்றம் அல்ல, அதற்கு முன்னும் இப்படித்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காணொளி வழியாகத் திருமணம் செய்து வைக்கிறேன் என்று ஒரு கூட்டம் காசு பார்க்கிறது, அந்தச் சான்றிதழுக்கும் இங்கே இதே கதிதான்.

ஏன் நேரடியாகச் சாசனத்திலேயே எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதச் சொல்லி அழுத்தம் இருந்தது, சில மத அமைப்புகள் அதைத்தான் கேட்டன. குரோஷியா 2013ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி எழுதியது, ஸ்லோவாக்கியா 2014ல் எழுதியது, அமெரிக்காவில் 2004லும் 2006லும் முயன்று காங்கிரசில் தோற்றார்கள். இங்கே அரசாங்கம் வேறு வழி எடுத்தது: இது நீதிபதிகள் முடிவு செய்கிற விஷயம் இல்லை, நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும் என்றார் அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம். எதிர்த்து வாக்களித்த சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் இருவரோ, நாடாளுமன்றம் வேண்டாம், வரையறையை மாற்றுவதாக இருந்தால் பொதுவாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் சண்டை போட்டது யார் முடிவு செய்வது என்பதைப் பற்றி. இதன் நடைமுறைப் பலன் என்னவென்றால், நாளைக்கு ஓர் அரசாங்கம் நினைத்தால் சாதாரணப் பெரும்பான்மையில் மாதர் சாசனத்தை மாற்றிவிடலாம், மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. நினைக்குமா? இப்போது பிரதமராக இருக்கும் லாரன்ஸ் வோங் 2022லேயே சொல்லிவிட்டார், தன் காலத்தில் வரையறை மாறாது என்று. நீதிமன்றம் போனால் நாடாளுமன்றத்தைக் கேள் என்கிறார்கள், நாடாளுமன்றம் போனால் சமுதாயம் தயாராகவில்லை என்கிறார்கள், சமுதாயம் என்றால் உங்கள் அண்ணன்தான் போலிருக்கிறது. சரி, விடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லியே ஆக வேண்டும், உங்கள் மகளுக்குப் பொருந்தாது, ஆனால் இதை வைத்தே தரகர்கள் நிறையப் பேரைக் குழப்புகிறார்கள். பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், மாறிய பாலினத்தின்படி திருமணம் செய்யலாம். மாதர் சாசனம் 1996லிருந்து இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது, அதே 12வது பிரிவுதான், தடுக்கிற வாசகமும் அனுமதிக்கிற வாசகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. திருமண நாளன்று அடையாள அட்டையில் இருக்கும் பாலினத்தை முதல் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறி அட்டையையும் மாற்றிக்கொண்டவர் ஓர் ஆணை மணந்தால் அது முழுமையான, செல்லுபடியாகும் திருமணம், வீடு முதல் எல்லாம் உண்டு. 156வது பிரிவு வந்த பிறகும் இது அப்படியே இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட தரகர்கள், "அட்டையில் ஒரு திருத்தம் போட்டால் போதும், நான் ஆளைப் பிடித்துத் தருகிறேன்" என்கிறார்கள். போன வருடம் ஓர் இளைஞர் இப்படி ஒருவரிடம் 4,000 வெள்ளியைத் தொலைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதார். ஆள் பிடித்து மாற்றுகிற விஷயமா அது? அறுவை சிகிச்சைக்கு மருத்துவச் சான்று இல்லாமல் அந்த வாசகம் யாருக்கும் உதவாது. மறுபடியும் சொல்கிறேன், இரண்டு பெண்களாகவே வாழ விரும்பும் உங்கள் மகளுக்கு இதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வருவோம். அவர்கள் வாங்கியது ஒற்றையர்களாக, 35 வயதைத் தாண்டிய இருவராக. தம்பதி என்று சொல்லி வாங்கவில்லை, பொய் எதுவும் சொல்லவில்லை. சாசனத் திருத்தம் அந்த வீட்டைத் தொடவே இல்லை. ஆனால் பத்திரத்தில் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஜாயின்ட் டெனன்சியா, டெனன்சி இன் காமனா? முதலாவது என்றால் ஒருவர் காலமானால் மற்றவருக்கு வீடு தானாகப் போகும், வீவகவின் தகுதி விதிகளுக்கு உட்பட்டு. இரண்டாவது என்றால் இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

வாரிசு யார்? இந்தப் பக்கத்தில் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். உயில் இல்லாமல் உங்கள் மகள் போய்விட்டால், சட்டத்தின்படி அவளுக்குக் கணவனும் இல்லை, குழந்தையும் இல்லை, ஆகவே அவளுடையது எல்லாம் பெற்றோருக்கு வரும். அதாவது உங்களுக்கும் உங்கள் கணவருக்கும். கூடவே வாழ்ந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு காசு கிடையாது. உங்கள் காலத்துக்குப் பிறகு என்றால் உடன்பிறந்தவர்களுக்கு. அதனால் மகள் உயில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள், அந்த இருவரும் உயிலில் பயன் பெறுகிறவர்களாக இருக்கக்கூடாது.

உயில் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், மசேநிதிப் (மத்திய சேம நிதி) பணம் உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அந்தப் பணமும் பெற்றோருக்கே போகும், அரசு அறங்காவலர் வழியாக, நிதானமாக. நியமனம் செய்ய ஒரு காசு செலவில்லை, சிங்பாஸ் வைத்து வீட்டிலேயே இணையத்தில் செய்யலாம், 21 வயதான இரண்டு சாட்சிகள் போதும். இதற்கு 300 வெள்ளி வாங்குகிற ஆட்களை எனக்குத் தெரியும். நல்ல சட்டை போட்டிருப்பார்கள்.

அப்புறம் எல்பிஏ (Lasting Power of Attorney, நீடித்த அதிகாரப் பத்திரம்). திடீரென்று பக்கவாதம் வந்து மகளால் முடிவெடுக்க முடியாமல் போனால் அவளுடைய பணத்தையும் பராமரிப்பையும் யார் பார்ப்பது என்பதை இப்போதே எழுதி வைப்பது. மருத்துவர் அல்லது வழக்கறிஞர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். இது இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், உறவு என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கவுன்டரில் இருக்கிற பெண்ணும் முழிக்கும், உங்கள் மகளின் துணையும் முழிக்கும். கூப்பிடு தூரத்தில் இருப்பவளை விட்டுவிட்டு, உங்களுக்குப் போன் வரும்.

மகளிடம் இதை எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் உயிலுக்கும் நியமனத்துக்கும் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் போட முடியாது.

அந்த 500 வெள்ளி: ரசீது இருக்கிறதா பாருங்கள், பேநவ் மூலம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள், அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். தன்னை வழக்கறிஞர் என்று சொன்னாரா? சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் வழக்கறிஞர்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பட்டியலில் இல்லாதவர் வழக்கறிஞர் போல வேலை செய்தால் அது குற்றம், அந்த வாக்கியத்தை அப்படியே அவருக்கு எழுதி, ஒரு வாரத்தில் பணத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். திருப்பாவிட்டால் போலீசில் புகார் கொடுங்கள். உயிலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு மகளைப் போகச் சொல்லுங்கள். கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்துகொண்டு போகச் சொல்லுங்கள்.