ஊசி அட்டை தொலைந்துவிட்டது, மறுபடியும் போடலாமா?

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறோம். வேலை செய்யும் இடத்தில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். சின்ன வயதில் போட்டதாக அம்மா சொல்கிறார், அட்டை இல்லை. மறுபடி போட்டால் ஆபத்தா? பெயர் கொடுத்தால் விசாவில் சிக்கல் வரும் என்று அறை நண்பர்கள் ஒதுங்குகிறார்கள்.

பதில்: ஆபத்து இல்லை, போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்தால், ஊசியில் வரும் பலவீனமான வைரஸை உடம்பு சட்டென்று அடக்கிவிடும், அவ்வளவுதான். எழுதி வைக்காத ஊசியை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு டோஸ் போடச் சொன்னால் நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளும், நோயாலோ மருந்தாலோ எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களும் இந்த ஊசியைப் போடக் கூடாது.

பாதியில் விட்ட ஊசிகளையும் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸில் ஒன்றோடு நாடு மாறியிருந்தால் மீதி இரண்டு போதும். டெட்டனஸ் மட்டும் கொஞ்சம் வேறு: சமீபத்தில் போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், அடுத்தடுத்துப் போட்டால் கை நன்றாக வீங்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களில் பலர் சின்னம்மை வராமலே பெரியவர்களாகிவிடுகிறார்கள். அந்த வயதில் வந்தால் நிமோனியா வரைக்கும் போகலாம், அதுவும் ஆறு பேர் படுக்கும் அறையில் ஒருவருக்கு வந்தால் அவரோடு நிற்காது. அதற்கும் ஊசி உண்டா என்று அங்கேயே விசாரியுங்கள்.

விசா பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். வெளிநாட்டவர் ஊசி வேண்டாம் என்கிறார்கள் என்று பொதுவாகப் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். படிவம் புரியாத மொழியில் இருக்கும், ஊசிக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகும், காய்ச்சல் வந்தால் விடுப்பு கிடைக்குமா தெரியாது. இதில் மறுப்பு எங்கே இருக்கிறது? அந்த விவரங்கள் யாரிடம் போகும் என்று உங்கள் நண்பர்கள் நர்ஸிடம் நேராகவே கேட்கட்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றும் சொல்லட்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம்.

ஊசிக்குப் பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சலோ தடிப்போ வரலாம், தானாகப் போய்விடும். புது அட்டையைப் போனில் படம் எடுத்து, அம்மாவுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.