கோலாலம்பூரில் குழந்தைகளுக்கு எதிராக நடந்த பாலியல் குற்றத்துக்கு லண்டன் நீதிமன்றம் எப்படித் தண்டனை கொடுத்தது?

இதற்குப் பெயர் எல்லை கடந்த சட்ட அதிகாரம். அதாவது, ஒரு நாடு தன் குடிமகன் வேறு நாட்டில் செய்த குற்றத்துக்கும் தன் நீதிமன்றத்திலேயே அவனை விசாரிக்கலாம்.

பொதுவாக ஒரு நாட்டின் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடும். ஆனால் குழந்தைகளைச் சீரழிப்பவர்கள் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள், ஏழைக் குடும்பங்கள் இருக்கிற ஊராகப் பார்த்துப் போய்க் குற்றத்தைச் செய்துவிட்டு, அங்கே புகார் எழுவதற்குள் விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தச் சட்டம்.

நம் பிள்ளை பள்ளிச் சீருடையோடு பேரங்காடியில் அடிதடி செய்தால், "அது வெளியே நடந்தது" என்று தலைமையாசிரியர் விட்டுவிடுவாரா? மறுநாள் கூப்பிட்டு விசாரிப்பார். அப்படித்தான் இதுவும்.

இப்படித்தான் 2016இல் ஒரு பிரிட்டிஷ்காரனுக்கு லண்டனில் 22 ஆயுள் தண்டனைகள் கிடைத்தன. அவன் ஒப்புக்கொண்ட 71 குற்றங்களில் பெரும்பாலானவை நம் மலேசியக் குழந்தைகளுக்கு எதிரானவை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அடுத்த ஆண்டே, 2017இல், மலேசியாவும் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் செய்தாலும் இங்கே வழக்குத் தொடரலாம் என்று அதிலும் இருக்கிறது.

சரி, "ஆள்தான் நாட்டை விட்டே போய்விட்டானே, இனிப் புகார் கொடுத்து என்ன பயன்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது தவறு: அவன் நாட்டில் வழக்கு நிற்க இங்கே கொடுக்கும் வாக்குமூலம்தான் பெரிய பலம், அதனால் போலீசிடமோ 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.