ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் ஏன் மங்குகிறது?

கேள்வி: காரில் இடது ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிகிறது. இரண்டு முறை ஹாலஜன் பல்ப் மாற்றியாகிவிட்டது, ஃபியூஸும் நன்றாகவே இருக்கிறது. அப்புறம் எங்கேதான் கோளாறு?

பதில்: மூன்றாவது பல்ப் வாங்கிவிடாதீர்கள். ஃபியூஸ் போயிருந்தால் விளக்கு எரியவே எரியாது. மங்கலாக எரிகிறதென்றால் கரண்ட் போகிறது, ஆனால் வழியில் எங்கோ தடை இருக்கிறது, என் சந்தேகமெல்லாம் எர்த் ஒயர் மேல்தான், அதாவது பல்பிலிருந்து கார் பாடி வழியாக பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும் ஒயர். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும்.

விளக்கை எரியவிட்டு, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை பல்ப் ஹோல்டரின் எர்த் ஒயரிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால், அந்த ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைத் தேடுங்கள், பெரும்பாலும் துருவோ பச்சைப் பூப்போ படிந்திருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள்.

எர்த் நன்றாக இருந்தால் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, முனை தளர்ந்திருந்தால் ஹோல்டரையே மாற்ற வேண்டும். தயவுசெய்து அதிக ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஒயர் உருகித் தீப்பிடிக்கும்.