ஐந்து சுரம், இரு ராகம்

கேள்வி: கர்நாடக இசை கேட்டே வளர்ந்த எனக்கு, இந்துஸ்தானிப் பாடகி கிஷோரி அமோன்கர் பாடிய பூப் ராகம், நம் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரங்களைக் கொண்டிருந்தும், வேறு ராகமாகவே ஒலிக்கிறது. ஏன்?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: மோகனத்தில் ரிஷபத்தையும் (ரி) தைவதத்தையும் (த) அசைத்துப் பாடுகிறோம், பூப்பிலோ சுரங்கள் அசையாமல் நின்று, மெல்ல இழைந்து அடுத்ததைச் சேர்கின்றன. காந்தாரமே (க) பூப்பின் உயிர். தைவதத்தை முன்னிறுத்தினால் அதே சுரங்கள் தேஷ்கார் என்ற வேறு ராகம் ஆகிவிடும். தாயார் மோகுபாய் குர்டிகரிடம் ஜெய்ப்பூர் அத்ரௌலி என்ற இந்துஸ்தானி இசை மரபைக் கற்ற கிஷோரி, அம்மரபின் கட்டுக்கோப்போடு நின்றுவிடாமல், ராகத்தின் உணர்வைத் தேடி ஆலாபனையை நிதானமாக விரித்தார். மோகன வர்ணமான 'நின்னுக்கோரி'யைக் கேட்டுவிட்டு உடனே கிஷோரி பூப்பில் பாடிய 'சஹேலா ரே'யைக் கேளுங்கள். காந்தாரத்தில் அவர் குரல் வந்து அமரும் அந்த ஒரு நொடி எனக்கு இன்றும் மெய்சிலிர்ப்புத்தான்.