பத்தும் கூமுட்டை, மருந்து என்ன?

கேள்வி: ஐயா, பெரம்பூரில் மொட்டை மாடியில் ஷெட் போட்டு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன், பீச் ஃபேஸ் 4 ஜோடி. ஒரு ஜோடி இரண்டு தடவையும் பானையில் 10 முட்டை வைத்து, ஒழுங்காக அடை உட்கார்ந்தும் ஒரு குஞ்சுகூட வரவில்லை. தீனிக்குக் குறையே இல்லை, சூரியகாந்தி விதை எப்போதும் நிறைய இருக்கும். கடையில் தந்த டானிக்கும் பவுடரும் பலன் தரவில்லை. வேறென்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: மருந்தே வேண்டாம் தம்பி. பீச் ஃபேஸ் பெட்டை ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டைதான் வைக்கும். பத்து என்றால் பெரும்பாலும் உங்கள் ஜோடியில் இரண்டுமே பெட்டை, இரண்டும் ஒரே பானையில் வைத்த முட்டை அது. சேவல் இல்லாமல் வைத்த முட்டையில் குஞ்சு எப்படி வரும்? நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிஸ் ஆஸ்திரேலியப் பறவை, அதில் மூக்கின் நிறத்தைப் பார்த்தே ஆண் பெண் சொல்லிவிடலாம். நமீபியா, அங்கோலா பக்கத்துப் பறவையான பீச் ஃபேஸில் இரண்டுக்கும் அதே பச்சை உடம்பு, அதே ரோஜா நிற முகம், அதே குட்டை வால். பார்த்தவுடன் ‘கன்ஃபார்ம் ஜோடி’ என்று விற்கிறவர் பொய்தான் விற்கிறார்.

பச்சைத் தென்னை ஓலையில் இரண்டு துண்டு கூண்டில் செருகிவிட்டு சும்மா உட்கார்ந்து பாருங்கள். பெட்டை ஓலை ஓரத்தை அலகால் டிக் டிக்கென்று ஓட்டை போட்டுக்கொண்டே போய் நீள நாராகக் கிழித்து, அதை வாலுக்கு மேலே இடுப்பு இறகுக்குள் செருகிக்கொண்டு பானைக்குப் பறக்கும். சேவலும் சில சமயம் செய்து பார்க்கும், ஆனால் நார் வழியிலேயே விழுந்துவிடும். இரண்டும் கச்சிதமாகச் செருகினால் விஷயம் முடிந்தது. சந்தேகம் இருந்தால் இறகு கொடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்துவிடுங்கள்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன், எனக்குக் கவலை அதில்தான். எப்போதும் சூரியகாந்தி விதை என்கிறீர்களே, அந்தப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய், கால்சியமோ மிகக் குறைவு. காட்டில் புல் விதை, சின்னப் பழம், மொட்டு என்று தேடித் தின்று, தண்ணீருக்காகப் பறந்து திரிகிற பறவை அது, வயல் பக்கம் வந்தால் கம்பு, சோளத்தில் விழும். அதை மூன்றடிக் கூண்டில் உட்கார வைத்து எண்ணெய் வித்தை மட்டும் போட்டால் ஈரல் கொழுத்துப்போகும், முட்டை ஓடு மெலிந்துபோகும், ஒருநாள் முட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டு பெட்டை செத்தும் போகும். ‘ஆப்பிரிக்கனுக்கு சூரியகாந்தி இருந்தால் போதும்’ என்று மூட்டை கட்டிக் கொடுக்கும் கடைக்காரரே அப்புறம் அதே குறைக்கு டானிக்கும் விற்கிறார். அந்தப் பவுடரில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். நோயில்லாத பறவைக்கு அது எதற்கு?

தினை, சாமை, கம்பு கலந்து வையுங்கள். தினம் காலையில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைக் கழுவி ஈரத்தோடு தொங்கவிடுங்கள், அதில் குளித்துக்கொண்டே தின்னும். முளைகட்டிய பயறு வாரம் இரண்டு மூன்று நாள். காசிமேடு பக்கம் போனால் கணவாய் ஓடு கேட்டு வாங்கிவந்து உப்புப் போக ஊறவைத்துக் காயவைத்துக் கட்டுங்கள், கால்சியத்துக்கு அதுவே போதும். சூரியகாந்தி வாரத்துக்கு நாலைந்து விதை, அதுவும் கையால் கொடுக்க மட்டும். அவகாடோவைக் கண்ணிலேயே காட்டாதீர்கள், விஷம்.

ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பழகிய விதை இல்லையென்றால் சில பறவை பட்டினி கிடக்கும். மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சமையலறைத் தராசில் வாரம் இரண்டு தடவை எடை போடுங்கள். 50 கிராம் பறவை 45-க்கு வந்துவிட்டால் கொஞ்ச நாள் பழைய தீனிக்கே திரும்புங்கள்.

அந்தப் பத்து முட்டையை உடனே எடுத்தால் மறுபடி வைக்க ஆரம்பிக்கும். தானாக அடையை விட்டு எழும்வரை விட்டுவிட்டு, அப்புறம் பானையைக் கழற்றுங்கள். இடையில் ஏதாவது ஒரு பெட்டை உடம்பை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து முக்கினால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.